ஆளுக்குப் பதில் கார், வீடு, லைசன்ஸ்: கனடா மாகாணங்களின் ‘பொதுப் பாதுகாப்பு’ச் சட்டங்கள் எப்படி வேலை செய்கின்றன?

எனக்கு வந்த கேள்வி சுருக்கமாக இது: “ஸ்காபரோவில் சொந்த வீடு வைத்திருக்கிறேன், பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒன்ராறியோ அரசு பொதுப் பாதுகாப்பு என்ற பெயரில் அடுத்தடுத்துச் சட்டம் கொண்டுவருகிறது. அதே வாயால், ‘பிணைச் சட்டம் எங்கள் கையில் இல்லை, ஒட்டாவாதான், அதாவது மத்திய அரசுதான், மாற்ற வேண்டும்’ என்றும் சொல்கிறது. அதிகாரம் இல்லையென்றால் இந்தச் சட்டங்கள் எதற்கு? இருக்கிறது என்றால் ஒட்டாவாவைப் பார்த்து ஏன் அழ வேண்டும்? வாடகைக்கு இருப்பவர் போதைப்பொருள் விற்றால் வீட்டுக்காரருக்கும் தண்டமாமே, உண்மையா?”

நான் சட்டத்தரணி அல்லன். இருபது வருடங்களுக்கு மேலாக நீதிமன்றுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன். சட்டம் ஆட்களின் மேல் வந்து விழும் இடத்தில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கனடாவில் மாகாணம் குற்றத்தைத் தொட முடியாது. ஆனால் குற்றத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளைத் தொடலாம். கார், வீடு, கையிலுள்ள காசு, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் அதற்குள் வரும். ‘பாதுகாப்பு’ என்று பெயர் வைத்த மாகாணச் சட்டங்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் போகின்றன. மறுபக்கம், குற்றச் சட்டத்தை எழுதுவது ஒட்டாவாவாக இருந்தாலும் அதை நடத்தும் இயந்திரம் ஏறக்குறைய முழுவதும் மாகாணத்தின் கையில் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை அரசியல் மேடைகளில் யாரும் உரத்துச் சொல்வதில்லை.

இந்தப் பங்கீடு 1867 ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 91 ஆவது பிரிவின் 27 ஆவது உட்பிரிவு, குற்றவியல் சட்டத்தையும் அதற்கான நடைமுறையையும் நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. 92 ஆவது பிரிவின் 14 ஆவது உட்பிரிவு, நீதி நிர்வாகத்தை மாகாணங்களுக்குக் கொடுக்கிறது. சொத்தும் குடியியல் உரிமைகளும் மாகாணத்துக்கு. தன் சொந்தச் சட்டத்தை மீறுபவருக்கு அபராதமோ சிறையோ விதிக்கும் அதிகாரமும் மாகாணத்துக்கு உண்டு. கனடாவின் முதல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் போன்றவர்கள் அப்போது அமெரிக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு குற்றச் சட்டம் என்பது பெரிய குறை என்று கருதினார்கள். ஹலிஃபக்ஸில் குற்றமாவது வின்ட்சரிலும் குற்றமாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம்.

‘மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம்’ என்றதும் எங்களில் பலருக்கு இலங்கை அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தம் நினைவுக்கு வரும். தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கையில் கொடுக்காத கதை. இங்கே நிலைமை தலைகீழ். கையில் நிறைய இருக்கிறது, இல்லை என்று சொல்வதுதான் வழக்கமாகிவிட்டது.

குற்றத்தைத் தொடாமல் குற்றத்தை ஒடுக்குவது எப்படி என்று மாகாணங்கள் நூறு வருடங்களாக முயன்று பார்க்கின்றன. சில முயற்சிகள் நின்றன, சில விழுந்தன. கியூபெக் மாகாணம் 1920 இல் விபசார விடுதிகளாகப் பயன்படும் வீடுகளை நீதிமன்று மூலம் மூடிவைக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. இது சொத்தைப் பற்றிய சட்டம், செல்லும் என்று 1923 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே கியூபெக், மொரிஸ் டுப்ளெசி முதல்வராக இருந்த 1937 இல், கம்யூனிசப் பிரசாரம் நடக்கும் வீட்டுக்குப் பூட்டுப் போடும் சட்டத்தை இயற்றியது. ‘பூட்டுச் சட்டம்’ என்றே அதற்குப் பெயர். மொன்றியலில் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பாளருக்கும் இடையில் எழுந்த ஒரு வாடகைத் தகராறு மேலே மேலே போய், 1957 இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. பார்வைக்கு இரண்டும் வீட்டைப் பூட்டும் சட்டங்கள்தான். ஆனால் பின்னதன் குறி வீடே அல்ல, ஒரு கருத்தைக் குற்றமாக்குவது. அது மாகாணத்தின் வேலை அல்ல.

மாகாணம் கொடுத்த அதிகாரத்தில் இயங்கும் கல்கரி நகரம் 1981 இல் தெருவில் பாலியல் தொழிலுக்காக நிற்பதைத் தடைசெய்து உபவிதி போட்டது. ‘நாங்கள் தெருவைத்தான் ஒழுங்குபடுத்துகிறோம்’ என்று நகரசபை வாதாடியது. 1983 இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இதை அனுமதித்தால், நாளைக்குத் தெருவில் நடக்கும் அடிதடியையும் திருட்டையும் ‘தெரு ஒழுங்கு’ என்று சொல்லி மாகாணமே தண்டிக்கலாமே என்பது நீதிமன்றத்தின் கேள்வி. ஆகவே ஒரு மாகாணச் சட்டத்தைப் பார்க்கும்போது தலைப்பை விட்டுவிடுங்கள். அது எந்தப் பொருளைப் பிடிக்கிறது, அந்தப் பொருள் மாகாணத்துக்குச் சொந்தமான விடயமா என்று பாருங்கள். நீதிபதிகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

இனி நம் ஊர்ப் பக்கம். 2003 மார்ச்சில் ரொறன்ரோவுக்கு வடக்கே தோண்ஹில் பகுதியில் யோர்க் பொலிசார் ஒரு காரை நிறுத்தினார்கள். காரணம், முன்பக்கத்தில் இலக்கத்தகடு இல்லை. உள்ளே 29,020 டொலர் ரொக்கம் இருந்தது. ஒரு காற்று வெளியேற்றும் விசிறி, மின்விளக்குக்கான சில பாகங்கள், கஞ்சா வாசம். ஆனால் கஞ்சா இல்லை. அந்தக் காசு தொடர்பாகவோ போதைப்பொருள் தொடர்பாகவோ அந்த இளைஞர் மீது வழக்கே போடப்படவில்லை. ஆனாலும் காசு திரும்பி வரவில்லை. ஒன்ராறியோ 2001 இல் இயற்றிய பறிமுதல் சட்டத்தின்படி, சட்டமா அதிபர் நீதிமன்றுக்குப் போய், ‘இது சட்டவிரோதச் செயலில் வந்த காசு’ என்று கேட்டு வாங்கிவிட்டார். கனடாவிலேயே அப்படியான முதல் சட்டம் அது. அதன் முதல் தலைப்பில் ‘திட்டமிட்ட குற்றக் கும்பல்கள்’ என்ற சொற்கள் இருந்தன. காரில் இருந்ததோ தனியொரு இளைஞர்.

இதுதான் சாட்டர்ஜி வழக்கு. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு குரலாக ஒன்ராறியோவின் பக்கம் நின்றது. இது தண்டனை அல்ல, சொத்தைப் பற்றிய சட்டம் என்றது. இங்கே நிறுத்தி ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். குற்ற வழக்கென்றால் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். பறிமுதல் வழக்கு குடியியல் வழக்கு. ‘இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கு வாய்ப்பு அதிகம்’ என்று காட்டினால் போதும். ஐம்பதுக்கு ஒரு குன்றிமணி மேலே இருந்தால் தராசு சாய்ந்துவிடும். குற்ற வழக்கில் விடுதலையானவருக்கும் கார் திரும்பாமல் போகலாம். ‘விடுதலை என்று நீதவான் சொன்னாரே, பிறகேன் இந்தக் கடிதம்?’ என்று நீதிமன்ற வாசலில் என்னிடம் கேட்ட தகப்பன்மார் உண்டு. வேறு நீதிமன்று, வேறு தராசு என்று விளக்குவதற்குள் எனக்கே சலித்துப்போகும்.

மனிற்றோபா 2001 இல் இன்னொரு வழி கண்டது. அயலவர் யாராவது ஒரு வீட்டைப் பற்றி முறைப்பாடு செய்தால், அங்கே போதைப்பொருள் விற்பனை போன்றது வழக்கமாக நடக்கிறதா என்று மாகாண அதிகாரிகள் விசாரிப்பார்கள். நடந்தால் நீதிமன்றுக்குப் போய் வீட்டை 90 நாள் வரை மூட உத்தரவு வாங்கலாம். முறைப்பாடு செய்தவரின் பெயர் வெளியே வராது. சஸ்காச்சுவான், யூக்கோன், நோவா ஸ்கோசியா, அல்பேர்ட்டா, நியூ பிரன்ஸ்விக் எல்லாம் இதையே பின்பற்றின. தெருவில் நிம்மதியாகத் தூங்க முடியாதவர்களுக்கு இது பெரிய வரம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் வீடு மூடினால் விற்றவன் அடுத்த தெருவுக்குப் போவான், அவனுடைய தாயும் தங்கையும்தான் தங்க இடம் தேடுவார்கள். ஆளை விட்டுப் பொருளைப் பிடிக்கும் சட்டத்தின் குணம் அது.

அனுமதிப்பத்திரச் சட்டங்களும் இதே குடும்பம். கார்த் திருட்டுக்கு எவ்வளவு சிறை என்பதை ஒன்ராறியோ முடிவுசெய்ய முடியாது. ஆகவே 2024 இல், மோசமான வகைக் கார்த் திருட்டில் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவருக்கு முதல் தடவை 10 வருடம், அடுத்த தடவை 15 வருடம், மூன்றாம் தடவை ஆயுள் முழுக்க அனுமதிப்பத்திரம் இல்லை என்று சட்டம் இயற்றியது. கார் திருடுகிறவன் அனுமதிப்பத்திரம் இல்லையே என்று தயங்குவானா என்பது வேறு கேள்வி.

மது அருந்தி வண்டி ஓட்டும் விடயத்தில் மாகாணச் சட்டம் உண்மையிலேயே ஒரு சீர்திருத்தத்தைச் செய்திருக்கிறது. எங்கள் சமூகத்துக்கு இதில் நேரடியான பங்கு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2010 செப்டெம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியா வீதியோரத் தடை முறையைத் தொடங்கியது. ஊதிப் பார்க்கும் கருவியில் தோற்றால் அந்த இடத்திலேயே 90 நாள் வண்டி ஓட்டத் தடை, 30 நாள் கார் பறிமுதல், 500 டொலர் தண்டம், இதர கட்டணங்கள். பல சந்தர்ப்பங்களில் குற்ற வழக்கே இல்லை. மறியல் இல்லை, ஒரு வருடம் நீதிமன்றுக்கு அலைச்சல் இல்லை, குற்றப் பதிவும் இல்லை. 2015 இல் உச்ச நீதிமன்றம் இதற்கு மாகாணத்துக்கு அதிகாரம் உண்டு என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் முதலில் எழுதப்பட்ட வடிவத்தில், கருவி தவறாகக் காட்டியது என்று சொல்பவருக்கு அதை எதிர்த்துக் கேட்க ஒழுங்கான வழி இருக்கவில்லை என்று அந்தப் பகுதியைக் கண்டித்தது. அதற்குள் மாகாணம் சட்டத்தைத் திருத்தியும் விட்டிருந்தது. 2020 டிசம்பரில் அல்பேர்ட்டாவும் இதே பாதையில் இறங்கியது.

ஒன்ராறியோ அந்தப் பாதையில் போகவில்லை. இங்கே 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்ற எல்லையைத் தொட்டாலோ தாண்டினாலோ 90 நாள் தடை, 7 நாள் கார் பறிமுதல் எல்லாம் உண்டு, அதற்கு மேல் குற்ற வழக்கும் உண்டு. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். 2018 டிசம்பரில் ஒட்டாவா இந்தக் குற்றத்துக்கான உச்ச தண்டனையை 5 வருடத்திலிருந்து 10 வருடமாக உயர்த்தியது. பத்து வருடம் என்றதும் குடிவரவுச் சட்டத்தில் அது ‘பாரதூரமான குற்றம்’ ஆகிவிடுகிறது. குடியுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவாளராகவே இருக்கும் ஒருவர் கல்யாண வீட்டில் நான்கு கிளாஸ் குடித்துவிட்டுக் கார் எடுத்து மாட்டினால், ஆயிரம் டொலர் தண்டத்தோடு வழக்கு முடிந்தாலும், நாடு கடத்தும் விசாரணைக்குக் கடிதம் வரலாம். அதே ஆள் அதே போதையில் வன்கூவரில் மாட்டி, மாகாணத் தடையோடு விடயம் முடிந்தால், அந்தக் கடிதத்துக்கு வழியில்லை. ஒரே நாடு, ஒரே குற்றச் சட்டக்கோவை. மாகாண எல்லையைத் தாண்டினால் தலையெழுத்து வேறு. இருபது வருடமாக ‘பிறகு எடுக்கலாம்’ என்று குடியுரிமை விண்ணப்பத்தை மேசை லாச்சிக்குள் வைத்திருப்பவர்கள் இந்தப் பந்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

இப்போது பிணை. 2022 டிசம்பர் 27 அன்று ஒன்ராறியோவின் ஹேகர்ஸ்வில் அருகே, பள்ளத்தில் இறங்கிய ஒரு வாகனத்துக்கு உதவப் போன மாகாணப் பொலிஸ் கான்ஸ்டபிள் கிரெக் பியர்சாலா சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் வேறு வழக்கில் பிணையில் வெளியே வந்தவர். அடுத்த மாதமே எல்லா மாகாண, ஆள்புல முதல்வர்களும் சேர்ந்து பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். அதன் விளைவாக வந்த திருத்தம் 2024 ஜனவரி 4 இல் நடைமுறைக்கு வந்தது. சில வன்முறை வழக்குகளில் தன்னை ஏன் வெளியே விட வேண்டும் என்று குற்றஞ்சாட்டப்பட்டவரே காட்ட வேண்டும் என்று அது சுமையைத் திருப்பியது. 2025 அக்டோபரில் ஒட்டாவா இன்னொரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தது.

முதல்வர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பிணைக்கான விதி ஒட்டாவாவினுடையது, நியாயமான பிணையைக் காரணமின்றி மறுக்கக் கூடாது என்ற உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. மற்றப் பாதியையும் பார்ப்போம். அந்தக் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னதாக நீதிமன்றுக்கு வராததால் அவருக்கு எதிராகப் பிடியாணை பிறந்திருந்தது. பிடியாணையைத் தேடிப் போய் நிறைவேற்றுவது எந்த அரசின் பொலிஸ்? ஒன்ராறியோவில் பிணை மனுக்களில் பெரும்பாலானவற்றைக் கேட்பவர்கள் சமாதான நீதவான்கள். அவர்களை நியமிப்பது மாகாணம், அவர்கள் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எதிர்ப்பதா சம்மதிப்பதா என்று முடிவெடுக்கும் வழக்குத் தொடுநர் மாகாண ஊழியர். வெளியே விட்டவரைக் கண்காணிப்பதும் மாகாணத்தின் வேலை. 2023 ஏப்ரலில் ஒன்ராறியோ இந்தப் பக்கத்துக்கு 112 மில்லியன் டொலர் ஒதுக்கியது. அப்படியென்றால் பணம் போட்டுச் சரிசெய்ய வேண்டிய பகுதி ஒன்று தன் கையில் இருந்தது என்பதை அது தானே ஒப்புக்கொண்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை நினைவில் நிற்கிறது. எந்த நீதிமன்று என்று சொல்லப் போவதில்லை. வார இறுதியில் பிடிபட்டவர்கள் எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தார்கள். மகனுக்குப் பிணை நிற்க வந்த அம்மாவுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். வீட்டு வரிப் பத்திரத்தையும் வங்கிக் கணக்குத் தாளையும் ஒரு கடைப் பையில் மடித்து மடியில் வைத்திருந்தார். காலை ஒன்பதரைக்கு வந்தவர். மாலை நாலரை ஆகியும் பெயர் கூப்பிடவில்லை. நாளைக்கு என்றார்கள். செவ்வாயும் நாளைக்கு. புதன் மத்தியானம்தான் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

வழக்குத் தொடுநர் கேட்டார்: “இரவு பத்து மணிக்குப் பிறகு மகன் வெளியே போனால் என்ன செய்வீர்கள்?”

“கதவைப் பூட்டி வைப்பேன்.”

“பூட்டை மீறிப் போனால்? பொலிசுக்கு அறிவிப்பீர்களா?”

அவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, பெத்த பிள்ளையைப் பிடிச்சுக் குடுக்கிறதோ?” என்று மெல்லக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அறிவுரை சொல்லக் கூடாது. என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியையும் அப்படியே ஆங்கிலத்தில் சபைக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. நீதவான் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிணை கிடைத்தது. ஆனால் அந்தப் பையன் உள்ளே கழித்த இரண்டு மேலதிக இரவுகளுக்கும் ஒட்டாவா எழுதிய எந்த வரியும் காரணமல்ல. அறைகளும் ஆட்களும் போதவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சின்னத் தாமதங்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்ராறியோவின் சிறைகளே சாட்சி. அங்கே அடைபட்டிருப்போரில் ஐந்தில் நால்வர் அளவுக்கு இன்னும் தீர்ப்புக் கிடைக்காதவர்கள். சட்டப்படி நிரபராதிகள். இரண்டு வருடத்துக்குக் குறைந்த தண்டனைக்கும் விசாரணைக்கு முந்திய தடுப்புக்கும் உரிய சிறைகள் மாகாணத்தினுடையவை. ஊழியர் பற்றாக்குறையால் கைதிகளை அறைக்குள்ளேயே பூட்டிவைக்கும் நாட்கள் கூடியபோது, நீதிபதிகள் அதைக் கணக்கில் எடுத்துத் தண்டனையைக் குறைக்கத் தொடங்கினார்கள். கடுமையாக இருப்போம் என்று சொல்லும் மாகாணத்தின் சிறை நிர்வாகமே தண்டனைக் காலத்தைச் சுருக்கிக் கொடுக்கிறது. இதைவிடப் பெரிய முரண் எனக்குத் தெரியவில்லை.

இதன் உச்சம் ஜோர்டன் தீர்ப்பு. 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் குற்ற வழக்கை முடிக்கக் கெடு விதித்தது: மாகாண நீதிமன்றில் 18 மாதம், மேல் நீதிமன்றில் 30 மாதம். தக்க காரணமின்றி அதைத் தாண்டினால் வழக்கு நிறுத்தம். 2017 ஏப்ரலில் மொன்றியலில் மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த ஓர் இலங்கைத் தமிழரின் கொலை வழக்கு இப்படித்தான் நின்றுபோனது. விசாரணை தொடங்காமலே ஏறத்தாழ ஐந்து வருடம் உள்ளே இருந்துவிட்டார். அந்த ஜூலையில் அவர் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். கொல்லப்பட்ட பெண்ணுக்கு என்ன நடந்தது என்று எந்த நீதிமன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. குற்றச் சட்டக்கோவையில் கொலைக்கு ஆயுள் தண்டனை என்று தடித்த எழுத்தில்தான் இருக்கிறது. அந்த வழக்கை நேரத்துக்கு நடத்தத் தேவைப்பட்டவை நீதிமன்ற அறையும் ஊழியரும் வழக்குத் தொடுநரும். எல்லாம் மாகாணக் கணக்கு. நீதிபதிகளை நியமிப்பதில் ஒட்டாவாவுக்கும் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பொலிஸ் சீர்திருத்தத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், ஏனென்றால் அதில் நடந்ததைவிடக் காத்திருந்ததே அதிகம். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக ஒன்ராறியோவின் லிபரல் அரசு 2018 இல் ஒன்றை நிறைவேற்றியது. ஆட்சி மாறியது. புதிய அரசு 2019 மார்ச்சில் தன் சொந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2024 ஏப்ரல் 1 இல். நிறைவேறிய சட்டம் வேறு, நடைமுறைக்கு வந்த சட்டம் வேறு. தொலைக்காட்சியில் கைதட்டுவது முதலாவதற்கு. பழைய சட்டப்படி, சிறைத் தண்டனை பெற்றாலொழிய இடைநிறுத்தப்பட்ட பொலிஸ்காரரின் சம்பளத்தை நிறுத்த முடியாது. புதிய சட்டம் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. தெருவில் சும்மா நிறுத்திப் பெயர் கேட்டுப் பதிந்துவைக்கும் பழக்கத்துக்கு 2017 ஜனவரி முதல் விதிமுறைகள் உள்ளன. காரணமில்லாமல் நிறுத்தினால் பதில் சொல்லத் தேவையில்லை என்று அவர்களே உங்களிடம் சொல்ல வேண்டும். இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இனி உங்கள் பேஸ்மென்ட். 2025 ஜூனில் ஒன்ராறியோ நிறைவேற்றிய பொதுப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில், சட்டவிரோதப் போதைப்பொருள் நடவடிக்கை நடக்கும் கட்டடங்களைப் பற்றிய பகுதி ஒன்று இருக்கிறது. தெரிந்துகொண்டே அதை அனுமதிக்கும் வீட்டுக்காரர் குற்றவாளி, தனியாளுக்கே 250,000 டொலர் வரை அபராதம் போகலாம். ஆக நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. ஆனால் ‘தெரிந்துகொண்டே’ என்ற சொல்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. கீழே என்ன நடக்கிறது என்று தெரியாத வீட்டுக்காரரைப் பிடிக்க எழுதப்பட்டதல்ல இது. தெரிய வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். கேட்கும்போது உங்கள் கையில் தாள் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு எடுபடாது.

ஆகவே, ஏதாவது சந்தேகம் வந்தால் திகதி போட்டு எழுதிவையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலும் அவர் சொன்ன திகதியோடு எழுதுங்கள். பேஸ்மென்ட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவியுங்கள். அறிவித்த பிரதி ஒன்றைப் படம் எடுத்து வையுங்கள். போதைப்பொருள் தொடர்பாக ஆளை எழுப்புவதற்கு வாடகைத் தீர்ப்பாயத்தின் என்6 படிவம் இருக்கிறது. வழக்கமான சட்டவிரோதச் செயலுக்கு 20 நாள் அவகாசம், போதைப்பொருள் என்றால் 10 நாள். அந்த நாட்கள் முடிந்ததும் ஆள் போய்விடுவார் என்று நினைக்க வேண்டாம். போகாவிட்டால் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அந்த வரிசையும் மாகாணத்தின் வரிசைதான், நீளமானது. அதுவரை ஆத்திரத்தில் பூட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள். வாடகைக்கு இருப்பவரைத் தீர்ப்பாயத்தின் உத்தரவில்லாமல் வெளியே பூட்டுவது ஒன்ராறியோவில் குற்றம். அந்தக் குற்றத்துக்காக வீட்டுக்காரர்களுக்கு நான் மொழிபெயர்த்த நாட்கள், போதைப்பொருளுக்காக வீட்டுக்காரர்களுக்கு மொழிபெயர்த்த நாட்களைவிட அதிகம்.